வேலையை விட்டால் இரண்டு வருடம் இசை சொல்லித்தரக் கூடாதா?

கடிதம் எழுதியவர் சென்னையில் இருக்கும் ஓர் அக்கார்டியன் கலைஞர். தோளில் மாட்டி, காற்றுத் துருத்தியை இழுத்து வாசிக்கும் வாத்தியம் அது. வயது முப்பத்தெட்டு. அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்து பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

தென் மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர். சர்ச் பாடகர் குழுவில் வாசித்த சித்தப்பாவிடம் அக்கார்டியன் கற்றுக்கொண்டு, டிகிரி முடித்ததும் சென்னைக்கு வந்துவிட்டார். மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறார், எப்போதாவது சினிமா ரெக்கார்டிங் வரும். குடும்பம் நடப்பது மனைவியின் நர்ஸ் சம்பளத்திலும், ஒரு தனியார் இசைப் பள்ளியில் இவர் ஆறு வருடமாகப் பார்க்கும் ஆசிரியர் வேலையிலும். பள்ளியில் பெரும்பாலும் கீபோர்டுதான் சொல்லித்தருகிறார். அக்கார்டியன் கற்றுக்கொள்ள வருவது மூன்றே பேர்.

இப்போது வீட்டிலேயே சொந்தமாக வகுப்பு தொடங்க ஆசை. ஆனால் பள்ளியோடு போட்ட ஒப்பந்தம் பயமுறுத்துகிறது. வேலையில் இருக்கும்வரை வெளியே வகுப்பு எடுக்கக் கூடாது. விலகினால் இரண்டு வருடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் சொல்லித்தரக் கூடாது. மீறினால் மூன்று லட்சம் ரூபாய். டிகிரி ஒரிஜினல் சர்டிபிகேட்டும் பள்ளி பீரோவில் இருக்கிறது. இவரை வைத்து எடுத்த பாட வீடியோக்கள் பள்ளியின் யூடியூப் சேனலில் இன்றும் ஓடுகின்றன. இவை போக, ஒரு குழு உரிமையாளர் நாற்பத்தாறாயிரம் ரூபாய் பாக்கி வைத்து இழுத்தடிக்கிறார். "ரெண்டு சினிமாப் பாட்டுக்கு வாசித்திருக்கிறேன், சட்டப்படி அதற்கு ராயல்டி வருமாமே, அதை வைத்துச் சமாளிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, "அக்கார்டியனை மூட்டை கட்டிவிட்டு முழுநேரக் கீபோர்டு வாத்தியார் ஆகிவிடு என்கிறார் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றும்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது ஒன்று தெரிந்தது. சட்டம் உங்களைத் தொட முடியாத இடத்தில் தூக்கம் இல்லாமல் கிடக்கிறீர்கள். அது தொடக்கூடிய இடத்தை அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். "(இப்போதே பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லித்தருகிறேன், அது சும்மா)" என்ற அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பெரிய பயத்தை எடுத்துக்கொள்வோம்.

ஐந்து கிலோமீட்டர், இரண்டு வருடம், மூன்று லட்சம்

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலோ வியாபாரமோ செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. சட்டமே சொல்லும் விதிவிலக்கு, ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவர் அதே வியாபாரத்தை அங்கே நடத்தமாட்டேன் என்று ஒப்புக்கொள்வது. நீங்கள் எதையும் விற்கவில்லை, வேலையை விடுகிறீர்கள். அதனால் விலகிய பிறகு இரண்டு வருடம் சொல்லித்தரக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது பள்ளிக்கு மிகக் கடினம். மற்ற சில நாடுகளில், காலமும் தூரமும் நியாயமாக இருந்தால் இப்படிப்பட்ட தடை செல்லும். இங்கே பொதுவாகச் செல்லாது. உங்கள் ஒப்பந்தத்தை எழுதியவர் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டு மாதிரியை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார் என்பது என் ஊகம். நிறைய இப்படித்தான் வருகின்றன.

மூன்று லட்சமும் அப்படித்தான். நிபந்தனையே செல்லாதபோது அதை மீறியதற்கு அபராதம் கேட்க முடியாது. செல்லும் நிபந்தனையை மீறினால்கூட, எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அது உச்சவரம்பு மட்டும்தான் என்றும், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்கலாம் என்றும் 74-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் "பாண்டு எதுவுமே செல்லாது" என்று நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் செலவழித்து ஆளெடுத்தோ பயிற்சி கொடுத்தோ, "இத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று எழுதி வாங்கியிருந்தால் அது வேறு வகை. அப்படி ஒரு பாண்டை 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அப்படி எதுவும் இல்லை. மூன்றாவது பக்கம் மட்டும் வந்து சேரவில்லை, அதை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு பையன்கள்

இப்போது அடைப்புக்குறிக்குள் இருந்த விஷயம். வேலையில் இருக்கும் காலத்தில் வெளியே வகுப்பு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். வேலைக் காலத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட தடையை 27-வது பிரிவு பொதுவாகத் தொடாது என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நீங்கள் காசு வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், "இவர் ஒப்பந்தத்தை மீறினார், எங்கள் பிள்ளைகளை இழுத்தார்" என்று பள்ளி சொல்ல நீங்களாகவே ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறீர்கள். இரண்டு மாத நோட்டீஸ் காலம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். இரண்டு மாதத்தில் பையன்கள் ஸ்கேல் மறந்துவிட மாட்டார்கள்.

இதைவிடக் கவலைப்பட வைத்தது, பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "விரைவில் சொந்த வகுப்பு" என்று போடப்போகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது. தயவுசெய்து போடாதீர்கள். அந்தக் குழுவும் அதிலிருக்கும் நம்பர்களும் வேலைக்காக உங்கள் கைக்கு வந்தவை. விலகிய பிறகு பொதுவில் விளம்பரம் செய்யலாம், தெருவில் போர்டு வைக்கலாம், சொந்த முகநூல் பக்கத்தில் எழுதலாம். அதைப் பார்த்து ஒரு தாய் தானாகவே பிள்ளையைக் கூட்டி வந்தால் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. பள்ளியின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுவது வேறு கதை. நீதிமன்றம் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது.

சர்டிபிகேட்டைப் பொறுத்தவரை, கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை நிறுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. ஆனாலும் முதல் அடியே வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கோ வங்கிக்கோ ஒரிஜினல் தேவைப்படும் சமயம் வந்தால் அதைச் சொல்லியே மின்னஞ்சலில் கேளுங்கள். இல்லாத காரணத்தைக் கற்பிக்க வேண்டாம். "என் ஒரிஜினல் எனக்கு வேண்டும்" என்பதே போதுமான காரணம். கேட்டது எழுத்தில் இருந்தால், மறுத்தாலும் அது உங்களுக்குச் சாட்சியம்.

யூடியூபில் ஓடும் பாடங்கள்

இங்கே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடியோவை முன்னின்று பொறுப்பெடுத்து எடுத்தது பள்ளி, அதனால் அந்தப் பதிவு பெரும்பாலும் பள்ளியுடையதுதான். பாடத்துக்காக நீங்கள் எழுதிய பயிற்சிகள், விரல் வரிசைக் குறிப்புகள், இடது கை பேஸ் பட்டன்களுக்காக நீங்களே போட்ட அட்டவணை ஆகியவற்றின் கதை வேறு. சம்பள ஊழியர் வேலைக்காக எழுதியது முதலாளிக்குப் போகும். ஆனால் உங்கள் ஒப்பந்தம் உங்களை "கன்சல்டன்ட்" என்கிறது, பி.எஃப். கிடையாது, தொழில்முறைக் கட்டணம் என்றுதான் டி.டி.எஸ். வரி பிடிக்கிறார்கள். பி.எஃப். என்று வரும்போது கன்சல்டன்ட், நோட்ஸ் என்று வரும்போது ஊழியர் என்று பள்ளி இரண்டு பக்கமும் பேசுவது எளிதாக இருக்காது. காப்புரிமையை (காப்பிரைட்) மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு.

அதனால் அந்தப் பயிற்சிகளை உங்கள் புது வகுப்பில் நீங்கள் பயன்படுத்தலாம் என்பதற்கு வலுவான வாதம் இருக்கிறது. வீடியோவை எடுக்கச்சொல்லிச் சண்டை போடுவதில் எனக்கு உற்சாகம் இல்லை. உங்கள் பெயர் அதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேளுங்கள். தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டக் கேட்பது வாசித்தவரின் உரிமை என்று 38பி பிரிவு சொல்கிறது. பெயர் போட்டுவிட்டால், அவர்கள் சேனலில் இருக்கும் ஒவ்வொரு வீடியோவும் உங்களுக்கு இலவச விளம்பரம்.

ஒரு எச்சரிக்கை. பாடங்களில் பாதி சினிமாப் பாட்டு. அந்த மெட்டு உங்களுடையதும் இல்லை, பள்ளியுடையதும் இல்லை. வகுப்பில் சொல்லித்தருவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையே "அக்கார்டியனில் ஐம்பது பாடல்கள்" என்று புத்தகம் போட்டு விற்க வேண்டுமானால் உரிமையாளர்களின் அனுமதி வேண்டும்.

ராயல்டி என்ற நம்பிக்கை

உங்களுக்கு யாரோ பாதியைச் சரியாகவும் மீதியைத் தப்பாகவும் சொல்லியிருக்கிறார்கள். 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது உண்மை. நிகழ்த்துகலைஞரின் நிகழ்ச்சி வணிகரீதியாகப் பயன்படும்போது அவருக்கு ராயல்டியில் உரிமை உண்டு என்று 38ஏ பிரிவு சொல்கிறது. நிகழ்த்துகலைஞர் என்பவர் யார் என்ற பட்டியலில் பாடகர், வாத்தியக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிவரை இருக்கிறார்கள். உரிமையின் ஆயுளும் ஐம்பது வருடம்.

ஆனால் அதே வரையறையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டு உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துகலைஞராகக் கருத வேண்டியதில்லை. அவருக்கு மிஞ்சுவது, தன் வாசிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மட்டும். நீங்கள் சொல்வது சரணத்துக்கு முன்னால் வரும் இருபது வினாடி பிஜிஎம். வவுச்சர் கிடையாது, யூபிஐ-யில் பணம் வந்தது, பெயர் எங்கேயும் வரவில்லை. தயாரிப்புத் தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது இந்த வரியைத்தான். அதைத் துணையான பங்கு என்று எப்படிச் சொல்லலாம், பாட்டே அதனால்தான் நிற்கிறது என்று நான் வாதாடலாம். ஜெயிப்பேன் என்று எழுதித்தர மாட்டேன். "அந்த இடத்தில் நானே மெட்டுப் போட்டு வாசித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன், நிறைய வாத்தியக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மூடிய ஸ்டூடியோவுக்குள் யார் எதைச் சொன்னார்கள் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?

ஆக, ராயல்டியை நம்பி எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். இனிமேல் வரும் ரெக்கார்டிங்குக்குச் சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்த அன்றே, "இன்ன தேதி, இன்ன ஸ்டூடியோ, இன்ன பாட்டு, அக்கார்டியன் நான், தொகை இவ்வளவு" என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பி, அவர் "ஓகே" போடும்வரை காத்திருங்கள். ஆல்பம் வெளியாகும்போது வாத்தியக்காரர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேளுங்கள். இப்போது பல இசையமைப்பாளர்கள் சந்தோஷமாகவே போடுகிறார்கள். பெயர் வந்துவிட்டால், மேலே சொன்ன அந்த வரி உங்களிடம் பலிப்பது கடினம். சினி மியூசிசியன்ஸ் யூனியனில் உறுப்பினராவது பற்றியும், பாடகர்கள், வாத்தியக்காரர்களின் உரிமைகளுக்காக இருக்கும் இஸாம்ரா அமைப்பைப் பற்றியும் நேரில் போய் விசாரியுங்கள். ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமானது. சொந்தமாக மெட்டுப் போட்டு வெளியிட்டால் அதையும் யோசிக்கலாம்.

நாற்பத்தாறாயிரம்

"எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான், போனது போனதுதான்" என்கிறீர்கள். இல்லை. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். கச்சேரித் தேதிகள், போஸ்டர்கள், முன்பு அவர் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, "அடுத்த மாசம் செட்டில் பண்றேன் மாஸ்டர்" என்று அவர் போட்ட செய்தி எல்லாமே சாட்சியம். போனை மாற்றினால் பழைய செய்திகள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் தேவை, அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம் அவகாசம். அந்தக் காலத்துக்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். ஆனால் இந்தத் தொகைக்கு நேரே சிவில் வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் போனாலே பேச்சு மாறும் ஆட்கள் உண்டு.

அடுத்த கச்சேரிக்கு, பாதி முன்பணம், மீதி மேடையிலிருந்து இறங்கும் முன், ரத்தானால் எவ்வளவு, போக்குவரத்து யார் செலவு என்று நான்கு வரி வாட்ஸ்அப் போதும். உங்கள் கருவிக்காக ஐந்தாவது வரி ஒன்றையும் சேருங்கள். இடது கைப் பக்கம் 120 பேஸ் பட்டன் உள்ள அக்கார்டியன் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். உள்ளே சத்தம் எழுப்பும் ஸ்டீல் ரீடுகளை மரக்கட்டையில் மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். மே மாத வெயிலில் வேனுக்குள் பூட்டி வைத்தால் மெழுகு இளகி ரீடு கழன்றுவிடும். ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லாரும் இதில் கை வைக்க மாட்டார்கள். எனவே கருவி உங்களோடுதான் பயணம் செய்யும், அவர்கள் ஏற்பாட்டில் போய் உடைந்தால் செலவு அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள். டிக்கெட் வைத்த நிகழ்ச்சி என்றால் பாட்டுக்கான லைசென்ஸ் ஏற்பாட்டாளர் பொறுப்பு என்றும் இருக்கட்டும். கல்யாண வைபவங்களில் வாசிப்பதற்குச் சட்டமே விலக்கு தருகிறது.

வீட்டில் வகுப்பு

வாடகை வீடு என்றால் ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதக் கட்டணம் முன்கூட்டியே, பிள்ளை வராத நாளுக்கு என்ன விதி என்பதை ஒரு தாளில் அச்சடித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு மொத்த வருமானம் இருபது லட்சம் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றிப் பொதுவாகக் கவலை இல்லை. சாஸ்திரிய இசை, நாட்டுப்புற இசைக் கச்சேரிகளுக்கு இருக்கும் விலக்கு மெல்லிசைக்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள். கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் உட்கார ஒரு நாற்காலி உள்ளேயே இருக்கட்டும். அக்கார்டியன் தோள்வாரை மாட்டிச் சரிசெய்யும்போது உடம்பில் கை படும். அதைப் பெற்றோர் செய்யட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

மாமனார் கேள்வி

இது சட்டக் கேள்வி இல்லை, கேட்டதால் சொல்கிறேன். மாமனார் சொல்வதில் பாதி நியாயம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளில் மங்களமூர்த்தியின் அக்கார்டியன் கேட்டு வளர்ந்த தலைமுறையின் ஆள் நான். அந்த வேலையின் பெரும்பகுதியைப் பின்னால் கீபோர்டு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அரிசி வாங்கித்தருவது கீபோர்டு வகுப்புதான். ஆனால் உங்கள் தெருவைச் சுற்றிக் கீபோர்டு வாத்தியார் எத்தனை பேர், அக்கார்டியன் வாத்தியார் எத்தனை பேர்? காற்றுத் துருத்தியை இழுத்து நிறுத்தி வரும் அந்த மூச்சு கீபோர்டில் முழுசாக வராது என்று உங்களுக்கே தெரியும். போர்டில் இரண்டையும் போடுங்கள், அக்கார்டியனை முதலில் போடுங்கள். வாடகையைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மாணவர்கள் குறைவு என்று வருத்தப்படுகிறீர்கள். கீபோர்டு மாணவர்களுக்கு வலது கை ஏற்கெனவே பழகியிருக்கும், அவர்களில் யாருக்காவது பிடித்தால் நான்காவது ஆள் அங்கிருந்து வருவார். ஒரு சின்ன 48 பேஸ் கருவி பழசாகக் கிடைத்தால் வகுப்புக்கென்று வாங்கி வையுங்கள். பிள்ளை சேரும் முன் கருவி வாங்கச் சொன்னால் எந்தப் பெற்றோரும் யோசிப்பார்கள்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள். அடுத்து சர்டிபிகேட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ராஜினாமா கடிதம். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம், நன்றி சொல்லித் தேதி போட்டால் போதும். இரண்டு மாத நோட்டீஸை முழுசாகப் பாருங்கள். இசை வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வந்து குவிவது கோடை விடுமுறையில்தான். ஜனவரி முடிவதற்குள் கடிதம் கொடுத்தால் ஏப்ரலில் போர்டு மாட்டலாம்.